நீரில் நிற்கும் நீர்த்தாரைப் படகின் பராமரிப்பு

வெள்ளம் சூழ்ந்த நாளில் கரையோரம் கட்டப்பட்டுள்ள படகு ஒன்றே ஓர் ஊர் முழுவதற்கும் துணையாக அமைவதுண்டு. அந்நாளில் அதன் எஞ்சின் இயங்கினாலும் படகு நகர மறுக்குமாயின், அல்லது நகர்ந்தும் நீரோட்டத்தை எதிர்த்துச் செல்ல வலுவற்றிருக்குமாயின், அது இருந்தும் இல்லாததற்கு ஒப்பாகும். இத்தகைய குறைகளுள் பெரும்பாலானவை படகு ஓடும்போது தோன்றுவன அல்ல. பல வாரங்கள் அசையாது நின்றிருந்தபோது சிறுகச் சிறுக வளர்ந்தவையே. படகு ஓட்டத்தால் தேய்வதைக் காட்டிலும் நிற்பதால் கெடுவதே மிகுதி என்னும் உண்மை, நீர்த்தாரைப் படகுக்கு மற்றெப்படகையும்விடச் சிறப்பாகப் பொருந்தும். அதன் காரணத்தையும், அதற்கேற்ற எளிய பராமரிப்பு முறைகளையும் இக்கட்டுரை விளக்குகின்றது.

தோற்றமும் அமைப்பும்

நீரை உறிஞ்சிப் பின்னே பீய்ச்சினால் கலம் முன்னே செல்லும் என்பது நெடுங்காலமாக அறியப்பட்ட தத்துவமே. எனினும் அதனை ஆழமற்ற ஆறுகளில் நடைமுறைக்கு உகந்ததாக ஆக்கிய பெருமை நியூசிலாந்து நாட்டைச் சேர்ந்த வில்லியம் ஹாமில்டன் என்பவரைச் சாரும். அந்நாட்டின் தென்தீவிலுள்ள ஆறுகள் கூழாங்கற் படுகையின்மீது விரைந்தோடுபவை. பல கிளைகளாகப் பிரிந்து, பல இடங்களில் கணுக்கால் அளவே ஆழமுள்ளவை. படகின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் சுழல் விசிறி அங்கே கற்களில் மோதி முறிந்துவிடும். 1950களின் நடுவில் ஹாமில்டன் இதற்கு ஒரு வழி கண்டார். நீரைப் படகின் அடியிலேயே வெளியேற்றாமல், பின்புறத்தில் நீர்மட்டத்திற்கு மேலாகப் பீய்ச்சும்படி அமைத்தபோது படகின் வேகம் பெரிதும் உயர்ந்தது. அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் உறுப்பு எதுவும் இல்லாது போயிற்று. 1960ஆம் ஆண்டில் இவ்வகைப் படகுகள் அமெரிக்காவின் கொலராடோ ஆற்றில், கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் கடும் பாய்ச்சல்களை எதிர்த்து மேல்நோக்கிச் சென்றன.

இந்திய மக்களுக்கும் இப்படகு புதிதன்று. எவரெஸ்ட் சிகரத்தை 1953இல் எட்டிய எட்மண்ட் ஹில்லாரி, 1977ஆம் ஆண்டில் மூன்று நீர்த்தாரைப் படகுகளுடன் கங்கை கடலோடு கலக்குமிடத்திலிருந்து புறப்பட்டு, இமயத்தை நோக்கி ஆற்றிலேயே பயணம் செய்தார். உப்பு கலந்த ஹூக்ளியின் கழிமுகம், வண்டல் மிகுந்த சமவெளி, கற்பாறைகள் நிறைந்த மலையாறு ஆகிய மூன்றையும் அப்படகுகள் கடந்தன. நந்தப்பிரயாகைக்கு அருகே ஓர் அருவி குறுக்கிட்டதாலேயே அவற்றின் பயணம் நின்றது.

நீர்த்தாரைப் பொறியின் அமைப்பு எளிது. படகின் அடிப்பாகத்தில் ஒரு திறப்பு. கல்லும் கட்டையும் நுழையாதபடி அதன் குறுக்கே ஒரு கிராதி. அங்கிருந்து ஒரு குகைபோன்ற குழாய் பின்னோக்கி ஏறிச் செல்கின்றது. அதனுள் எஞ்சினால் சுழற்றப்படும் உந்துசுழலி நீரை இழுத்துத் தள்ளுகின்றது. அதன் பின்னுள்ள அசையாத் தகடுகள் நீரின் சுழற்சியை நேராக்குகின்றன. குறுகிய முனைவழியே நீர் தாரையாக வெளிப்படுகின்றது. முனையை இடமும் வலமும் திருப்பினால் படகு திரும்பும். தாரையின்மீது ஒரு கவிகலனை இறக்கினால் நீர் முன்னோக்கித் திரும்பிப் படகு பின்னேகும்.

இவற்றுள் ஒன்றை மனத்தில் இருத்துதல் வேண்டும். உந்துசுழலியின் இறக்கை நுனிக்கும் அதனைச் சூழ்ந்துள்ள தேய்வு வளையத்திற்கும் இடையே, சிறு பொறிகளில் பொதுவாக ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த இடைவெளியே இருக்கும். இவ்விடைவெளி பெருகினால் தள்ளப்பட்ட நீர் பின்னே கசிந்து, உந்துவிசை குறையும். பராமரிப்பின் பெரும்பகுதி இச்சிறு இடைவெளியையும் அதற்கு நீர் செல்லும் வழியையும் காப்பதேயாகும்.

குகையினுள் குடியேறும் உயிர்கள்

வெளிப்புற எஞ்சின் பூட்டிய படகைக் கரையில் கட்டியபின், எஞ்சினை நீருக்கு மேலே சாய்த்து வைக்கலாம். நீர்த்தாரைப் பொறியை அவ்வாறு தூக்க இயலாது. படகு மிதக்கும் காலமெல்லாம் அதன் குழாயில் நீர்மட்டம் வரை நீர் நிறைந்தே நிற்கும். நிழலும் அமைதியும் கூடிய அவ்விடம் கடல்வாழ் ஒட்டுயிர்களுக்கு உகந்த வீடாகும்.

புதிதாக நீரில் இறங்கிய எப்பரப்பின்மீதும் கரிமப் பொருள்களாலான மெல்லிய படலம் சில நிமிடங்களிலேயே படிகின்றது. சில மணி நேரத்தில் பாக்டீரியாக்களும், சில நாட்களில் நுண்பாசிகளும் சேர்ந்து வழுவழுப்பான படிவு உண்டாகின்றது. பின்னர் கொட்டலசு, குழாய்ப் புழு, சிப்பி ஆகியவற்றின் இளவுயிரிகள் வந்து பற்றுகின்றன. கொட்டலசு பார்வைக்குச் சிப்பிபோல் தோன்றினும், இறாலுக்கும் நண்டுக்கும் உறவான கணுக்காலியே. அதன் இளவுயிரி நீரில் நீந்தித் திரிந்து, தக்க இடத்தைத் தேடி, தலைப்புறத்தால் ஒட்டிக்கொண்டு ஒருவகைப் பசையைச் சுரக்கின்றது. அதன்பின் சுற்றிலும் சுண்ணாம்புச் சுவர் எழுப்பி, வாழ்நாள் முழுவதும் அவ்விடத்திலேயே இருந்து, இறகு போன்ற கால்களால் உணவை வாரி உண்கின்றது. தன் இனத்தார் ஏற்கெனவே குடியேறிய இடத்தையே புதிய இளவுயிரிகளும் நாடுகின்றன. ஆதலால் ஒன்றிரண்டாகத் தோன்றியவை விரைவில் கூட்டமாகப் பெருகுகின்றன. இந்தியக் கடல்நீர் ஆண்டு முழுவதும் வெதுவெதுப்பாக இருப்பதால், குளிர்நாடுகளிற்போல் இவற்றின் வளர்ச்சிக்கு நீண்ட ஓய்வுக்காலம் இல்லை.

விரைந்தோடும் நீரில் இவ்விளவுயிரிகளால் எளிதில் பற்ற இயலாது. ஆனால் பற்றி வளர்ந்தபின் எவ்வளவு வேகமான நீரும் அவற்றைப் பெயர்ப்பதரிது. ஆகவே, அடிக்கடி ஓட்டுவதே முதல் மருந்து. பயணம் ஏதும் இல்லாவிடினும், கடல்நீரிலோ கழிமுகத்திலோ நிற்கும் படகை வாரத்திற்கு இரண்டு முறையேனும் போதிய ஆழத்தில் சிறிது நேரம் விரைவாக ஓட்டுதல் நலம். நீண்ட நாட்கள் நின்ற படகின் எஞ்சினை உடனே முடுக்கலாகாது. வளையத்தில் கொட்டலசு வளர்ந்திருப்பின், சுழலும் இறக்கை அதனை அரைத்து வளையத்தையும் கீறிவிடும். முதலில் சுழல்தண்டைக் கையால் ஒரு சுற்றுத் திருப்பிப் பார்த்து, தடையின்றிச் சுழன்றால் மட்டுமே எஞ்சினை இயக்குதல் வேண்டும்.

படகைச் சில நாட்கள் நன்னீரில் நிறுத்தினால் கடல் கொட்டலசுகள் இறந்துபோகும். ஆயினும் அவற்றின் ஓடுகள் ஒட்டியபடியே இருக்கும். சுரண்டியே அகற்ற வேண்டும். நன்னீர் ஆறுகளில் கொட்டலசுத் தொல்லை இல்லை. அங்கே ஆகாயத்தாமரையின் வேர்களும் நாணற் சருகுகளும் கயிறும் நெகிழித்தாளும் கிராதியை அடைக்கின்றன.

உலோகங்களுக்கிடையே நிகழும் அழிவு

இரண்டாவது பகை மின்வேதியியல் அரிப்பு. பொறியின் உறை பெரும்பாலும் அலுமினியக் கலவையால் ஆனது. சுழலியும் தண்டும் துருவேறா எஃகினால் ஆனவை. இவ்விரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு உப்பு நீரில் மூழ்கியிருக்கும்போது அங்கே ஒரு மின்கலம் உருவாகின்றது. அதில் அலுமினியமே கரைந்துபோகும். இதனைத் தடுக்கவே, அலுமினியத்தைக் காட்டிலும் எளிதில் கரையும் உலோகத் துண்டுகளை உறையின்மீது பொருத்துகின்றனர். அவை தாம் கரைந்து உறையைக் காக்கின்றன. ஆகவே, காப்புத் துண்டு கரைவது குறையன்று. பல மாதங்களாகியும் சிறிதும் கரையாதிருப்பதே ஐயத்திற்குரியது. அது உறையோடு நன்கு தொடவில்லை, அல்லது எவரோ அதன்மீது வண்ணம் பூசிவிட்டனர் என்று கொள்ளலாம். பாதியளவு கரைந்தவுடன் புதிய துண்டைப் பொருத்துதல் முறை.

நீருக்கேற்பத் துண்டின் உலோகமும் வேறுபடும். கடல்நீருக்குத் துத்தநாகமோ தனி அலுமினியக் கலவையோ தகும். கழிமுகத்தின் கலப்பு நீருக்கு அவ்வலுமினியக் கலவை மிகப் பொருத்தம். நன்னீரில் துத்தநாகத்தின்மேல் ஒரு படலம் மூடி அதனைச் செயலற்றதாக்குவதால், அங்கே மக்னீசியம் வேண்டும். மக்னீசியத் துண்டோடு கடலுக்குச் சென்றால் அது மிக விரைவில் கரைந்து தீரும். எனவே, ஆற்றில் பணியாற்றிய படகைக் கடலோரத்திற்கு மாற்றும்போது காப்புத் துண்டுகளையும் மாற்றுதல் வேண்டும்.

ஒட்டுயிர்களைத் தடுக்கும் வண்ணப்பூச்சிலும் இதே எச்சரிக்கை தேவை. செப்பு ஆக்சைடு கலந்த பூச்சு மரப்படகுக்கும் கண்ணாடியிழைப் படகுக்கும் நல்லதெனினும், அலுமினியத்தின்மீது அதைப் பூசினால் உலோகத்தில் குழிகள் விழும். அலுமினியத்திற்கென்று தயாரிக்கப்பட்ட, செப்பு ஆக்சைடு கலவாத பூச்சையே பயன்படுத்துதல் வேண்டும். முற்காலத்தில் பெரிதும் வழங்கிய கரிமவெள்ளீயப் பூச்சுகள் சங்கு, சிப்பி முதலிய உயிர்களுக்குக் கேடு விளைவித்தமையால், 2001இல் உருவாகி 2008இல் நடைமுறைக்கு வந்த அனைத்துலக உடன்படிக்கை அவற்றை விலக்கிவிட்டது. காப்புத் துண்டுகளின்மீதும், சுழலி வளையத்தின் உட்புறத்திலும் எப்பூச்சும் படலாகாது.

அலுமினியப் படகின் அடித்தளத்தில் தவறி விழுந்த ஒரு செப்புக் கம்பித் துணுக்கோ பித்தளைத் திருகாணியோகூட, அங்கே தேங்கிய உப்பு நீரில் கிடந்து தகட்டைத் துளைத்துவிடக் கூடும். பழுது பார்த்தபின் அடித்தளத்தைப் பெருக்கித் துடைப்பது தூய்மைக்காக மட்டுமன்று.

அடித்தளத்தில் தேங்கும் நீர்

கட்டிய இடத்திலேயே மூழ்கும் படகுகள் பல. இதற்குப் புயல் வேண்டியதில்லை, மழையே போதும். பத்துச் சதுர மீட்டர் திறந்த பரப்புள்ள படகில் ஒரு செண்டிமீட்டர் மழை பெய்தால் நூறு லிட்டர் நீர் சேரும். ஓரிரவில் பத்துச் செண்டிமீட்டர் பெய்தால் சேரும் நீர் ஆயிரம் லிட்டர். அதன் எடை ஒரு டன். பின்புறத்தில் எஞ்சினையும் பொறியையும் சுமந்து நிற்கும் படகு இவ்வெடையைத் தாங்காது பின்பக்கமாகத் தாழ்ந்து மூழ்கும்.

தானாக இயங்கும் இறைப்புப் பம்பு இதற்குத் துணை. எனினும் மின்கலம் தீர்ந்தபின் பம்பு இயங்காது. ஆகவே மழைக்காலத்தில் மூடுதிரை, மின்கலம், பம்பு, பம்பை முடுக்கும் மிதவை ஆகிய நான்கையும் ஒருசேரச் சோதித்தல் வேண்டும். மிதவையைக் கையால் உயர்த்திப் பம்பு இயங்குகின்றதா என்று பார்ப்பதற்கு ஒரு நிமிடமே ஆகும். மழையே இல்லாத நாட்களிலும் அடித்தளத்தில் நீர் சேருமாயின், சுழல்தண்டு உறையினுள் நுழையுமிடத்திலுள்ள சீல் தேய்ந்திருக்கலாம். அங்கே நீர் விடாது சொட்டினால் அடுத்த கரையேற்றம் வரை காத்திராமல் உடனே கவனித்தல் வேண்டும்.

நாள்தோறும் செய்வன

புறப்படுமுன் அடித்தள நீர், எஞ்சின் எண்ணெய், ஹைட்ராலிக் எண்ணெய் ஆகியவற்றைப் பார்த்தல் வேண்டும். எண்ணெய் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் அதனுள் நீர் புகுந்துள்ளது என்பது பொருள். பெட்ரோல் எஞ்சினாயின் முதலில் காற்றோட்ட விசிறியைக் குறைந்தது நான்கு நிமிடம் ஓடவிட வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது; அடித்தளத்தில் தேங்கி நின்று, ஒரு பொறியில் வெடிக்கும். விசிறி ஓடியபின்னும் வாசனை இருந்தால் எஞ்சினை முடுக்கலாகாது.

திசைச் சக்கரத்தை இருபுறமும் முழுவதும் திருப்பியும், கவிகலனை ஏற்றி இறக்கியும் பார்த்தல் வேண்டும். கட்டவிழ்க்குமுன் நீரின் ஆழத்தையும் அறிதல் இன்றியமையாதது. இப்படகு விரைந்தோடும்போது சாண் ஆழத்திலும் செல்லும். ஆனால் நிற்கும்போது தாழ்ந்து மிதக்கும். அந்நிலையில் முடுக்கினால் அடியிலுள்ள மணலும் கூழாங்கல்லும் உறிஞ்சப்பட்டு, வளையமும் இறக்கையும் தேயும். நீர்வற்றும் நேரத்தில் சேற்றில் அமரும்படியான இடத்தில் படகைக் கட்டலாகாது. சேறும் அலசித் தெளிவுறாத நீரும் எஞ்சினைக் குளிர்விக்கும் குழாய்களிலும் புகும். பல படகுகளில் அந்நீர் தாரைப் பொறியிலிருந்தே எடுக்கப்படுகின்றது. வடிகட்டியை நாள்தோறும் திறந்து கழுவுவது இதனாலேயே.

திரும்பி வந்தபின், உப்பு நீரில் சென்ற படகின் எஞ்சினைத் தயாரிப்பாளர் கூறிய முறைப்படி நன்னீரால் அலசுதல் வேண்டும். கவிகலனையும் திசைமுனையையும் இயக்கும் ஹைட்ராலிக் தண்டுகள் உள்ளிழுக்கப்பட்ட நிலையில் இருக்கும்படி படகை விட்டுச் செல்வது நன்று. வெளியே நீட்டிய தண்டின்மீது கொட்டலசு வளர்ந்தால், மறுநாள் தண்டு உள்ளே செல்லும்போது அது சீலைக் கிழித்துவிடும்.

குழாயில் களை சிக்கினால் அகற்றுவதற்குப் பல படகுகளில் மேற்புறம் ஒரு சோதனை மூடி உண்டு. அதைத் திறக்குமுன் எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்துவிடுதல் வேண்டும். மின்கல இணைப்பையும் துண்டித்தல் வேண்டும். கையை உள்ளே விட்டவர் இருக்க, மற்றொருவர் அறியாது எஞ்சினை முடுக்கினால் விளைவது மீளாத் துன்பம். மூடி நீர்மட்டத்திற்கு மேலே உள்ளதா என்பதையும் காண வேண்டும். நால்வர் பின்புறத்தில் வந்து நின்றால் மட்டம் மாறித் திறப்பின் வழியே நீர் புகலாம்.

மாதமும் ஆண்டும்

தண்டின் தாங்கிகளுக்கு உரிய கிரீஸை உரிய அளவில் குறித்த மணி நேரத்திற்கொருமுறை இடுதல் வேண்டும். குறைந்தால் தாங்கி தேயும், மிகுந்தால் சூடேறும். ஆதலால் அளவை மதிப்பால் அன்றிக் கையேட்டின்படியே கொள்ளுதல் வேண்டும். மாதத்திற்கொருமுறை காப்புத் துண்டுகளையும் மின்கல முனைகளையும் குழாய் இறுக்கிகளையும் பார்த்தல் நலம்.

கடல்நீரில் நிற்கும் படகை ஆண்டிற்கு ஒருமுறையேனும், வளர்ச்சி மிகுந்த இடங்களில் அதனினும் அடிக்கடியும், கரையேற்றுதல் வேண்டும். ஏற்றியவுடன், ஒட்டுயிர்கள் உலர்ந்து இறுகுமுன், மரத்தாலோ நெகிழியாலோ ஆன சுரண்டியால் அவற்றை அகற்றுவது எளிது. பின்னர் கிராதிக் கம்பிகளின் வளைவு, இறக்கை முனைகளின் சிதைவு, வளையத்தின் இடைவெளி ஆகியவற்றைக் காண வேண்டும். இடைவெளியை அளவுத்தகட்டால் சுற்றிலும் நான்கு இடங்களில் அளந்து ஏட்டில் குறித்தால், தேய்வின் வேகம் ஆண்டுதோறும் தெரியவரும்.

வேக ஏடு

நீருக்கடியில் உள்ளதை நாள்தோறும் கண்ணால் காண இயலாது, எண்களால் காணலாம். கரையில் இரு கம்பங்களை நட்டு, அவற்றிடையே உள்ள தொலைவைக் குறித்த எஞ்சின் சுழற்சியில் கடக்க ஆகும் நேரத்தை மாதந்தோறும் அளந்து எழுதி வைத்தல் வேண்டும். நீரோட்டத்தின் விளைவை நீக்க, மேல்நோக்கியும் கீழ்நோக்கியும் ஓட்டி, இரு வேகங்களின் சராசரியைக் கொள்ள வேண்டும். மேல்நோக்கி மணிக்கு 32 கிலோமீட்டர், கீழ்நோக்கி 48 கிலோமீட்டர் எனின், படகின் உண்மை வேகம் 40; நீரோட்டத்தின் வேகம் 8. மொத்தத் தொலைவை மொத்த நேரத்தால் வகுத்தால் 38.4 என்னும் பிழையான விடையே கிடைக்கும். இதன் காரணத்தைக் கண்டறியுமாறு மாணவர்களை ஆசிரியர்கள் கேட்கலாம்.

நீர்த்தாரைப் பொறிக்கு ஓர் இயல்பு உண்டு. எஞ்சின்மீது அது சுமத்தும் பளு படகின் வேகத்தைப் பெரிதும் சார்ந்ததன்று. ஆகவே குறைகளைப் பிரித்தறிதல் எளிதாகின்றது. முழு விசையில் எஞ்சின் சுழற்சி முன்போலவே இருந்து வேகம் மட்டும் குறைந்தால், படகின் அடிப்புறத்தில் ஒட்டுயிர் வளர்ந்துள்ளது, அல்லது பளு மிகுந்துள்ளது. சுழற்சி உயர்ந்து வேகம் குறைந்தால், உள்வழி அடைபட்டுள்ளது, அல்லது வளையம் தேய்ந்துள்ளது. அதிர்வும் இரைச்சலும் சேர்ந்தால் அடைப்பே பெரும்பாலும் காரணம். சுழற்சியே குறைந்தால் எஞ்சினை நோக்க வேண்டும்.

வகுப்பறையில் ஒரு சோதனை

காப்புத் துண்டின் செயலை ஆசிரியர்கள் எளிதில் செய்து காட்டலாம். இரு கண்ணாடிக் குவளைகளில் உப்பு நீரை நிரப்புக. நன்கு தேய்த்து மெருகேற்றிய இரும்பு ஆணி ஒன்றை முதற்குவளையில் இடுக. அதுபோன்ற மற்றோர் ஆணியில் துத்தநாகத் தகட்டுத் துண்டொன்றை இறுகச் சுற்றி இரண்டாம் குவளையில் இடுக. சில நாட்களில் முதல் ஆணி துருப்பிடித்து நீரும் பழுப்பாகும். இரண்டாம் ஆணி பெரும்பாலும் துருவின்றி இருக்க, துத்தநாகத்தின்மீது வெண்ணிறப் பொடி படியும். பின்னர் தகட்டிற்கும் ஆணிக்கும் இடையே காகிதத்தை வைத்து, இரண்டும் தொடாதவாறு கட்டி, சோதனையைத் திரும்பவும் செய்க. துத்தநாகம் அருகிலேயே இருந்தும் ஆணி துருப்பிடிக்கும். காப்புத் துண்டை இறுகத் திருகுவதன் தேவை இதனால் மாணவர்க்கு விளங்கும்.

முடிவுரை

மேலே கூறியவற்றுள் பெரும் செலவோ அரிய கருவியோ வேண்டுவது மிகச் சிலவே. வாரம் இருமுறை ஓட்டுதல், வடிகட்டியைக் கழுவுதல், மிதவையை உயர்த்திப் பார்த்தல், கரைந்த துண்டை மாற்றுதல், இரு கம்பங்களிடையே நேரத்தைக் குறித்தல் ஆகியவை சில நிமிடங்களில் முடியும் வேலைகள். இவற்றை ஒருவர் நினைவுக்கு விட்டுவிடாமல், தேதியும் கையொப்பமும் கொண்ட ஏட்டில் பதிந்து, பணி மாறும்போது ஏட்டையும் சாவியோடு சேர்த்து ஒப்படைத்தல் வேண்டும். படகு தேவைப்படும் நாள் முன்னறிவிப்புக் கொடுத்து வருவதில்லை. எத்தனை மாதம் கரையோரம் நின்றிருப்பினும், அழைத்த கணத்தில் ஆற்றை எதிர்த்துச் செல்லும் நிலையில் அதனை வைத்திருப்பதே பராமரிப்பின் நோக்கமாகும்.